படுகளத் துரியோதனன்: மணி, தோல், ஏரிமண் வெச்சு இதுவரைக்கும் ஆன வேலை

நான் செஞ்சுட்டு இருக்கற துரியோதனன் சிற்பத்துல கிரீடமும் வலது பக்க புஜகீர்த்தியும் (தோள்ல கட்டற நகை) முடிஞ்சுது. மீசை பாதி ஆகியிருக்கு. ஒடம்பு இன்னும் வெறும் கம்பியும் வைக்கோலும்தான். மணி வெச்சு சிற்பம் பண்றவங்க நம்ம பக்கம் ரொம்ப கம்மி, ஆரி ஒர்க் தெரிஞ்சவங்க தெருவுக்கு நாலு பேர் இருந்தாலும் அவங்க வேலை பிளவுஸோட நின்னுடுது, அதனால நான் என்ன பண்ணேன், ஏன் அப்படி பண்ணேன்னு எழுதி வெக்கறேன், இதே மாதிரி ஏதாவது ஆரம்பிக்கறவங்களுக்கு உதவட்டும்.

காலேஜ் ஃபைனல் இயர் டிஸ்ப்ளேக்கு நான் எடுத்தது துரியோதனன் படுகளம். பழைய வட ஆற்காட்டு ஆளுங்களுக்கு சொல்லவே வேணாம், மத்தவங்களுக்காக சொல்றேன். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி விடிய விடிய கூத்து நடக்கும், கடைசில பதினெட்டாம் போர் அன்னிக்கு காலைல திடல்ல மண்ணாலயே ஒரு பெரிய துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். பீமன் வேஷம் கட்டினவர் வந்து தொடைல அடிப்பார், பாஞ்சாலி சபதம் தீந்து கூந்தல முடிப்பாங்க, அப்புறம் ஜனங்க அந்த மண்ண ஆளுக்கு ஒரு பிடி அள்ளிட்டு போவாங்க. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன், காலேஜ்ல மிக்ஸட் மீடியா, இன்ஸ்டலேஷன்னு பாடம் எடுத்தப்போ எனக்கு மொதல்ல ஞாபகம் வந்தது அந்த மண்ணு ஒடம்புதான். என்னோடது அஞ்சு அடி நீளம், தரையிலதான் படுத்திருக்கும், பீடம் எல்லாம் கிடையாது.

மொதல்ல மணி விஷயத்துக்கு வந்துடறேன், இதுலதான் ரொம்ப நாள் போச்சு. லீவுக்கு ஊருக்கு வந்தப்போ கிரீடத்துக்கு கொஞ்சம் சாம்பிள் தெச்சு எடுத்துட்டு போய் எங்க ஊருக்கு பக்கத்துல இருக்கற கூத்து வாத்தியார் ஒருத்தராண்ட காட்டினேன். அவரு கைல வாங்கி திருப்பி திருப்பி பாத்துட்டு, "பகல்ல காட்டறியே, இத வெச்சு இன்னாம்மா சொல்றது? ராத்திரிக்கு வா, வெளக்காண்ட புடிச்சு பாப்போம்"னு சொன்னார். ராத்திரி போனேன். அவரோட சொந்த கட்டைய, அதாவது கூத்துல வேஷம் கட்டறப்போ போடற மர சாமான, வெளிய எடுத்தார், கல்யாண முருங்கை மரத்துல செதுக்கி கண்ணாடி சில்லு ஒட்டினது, பகல்ல பாத்தா பெயிண்ட் உதிந்து சாதாரணமா இருந்தது. ஒரு பல்பு வெளிச்சத்துல அவரு தலைய லேசா இப்படி அப்படி திருப்பினதும் அது மொத்தமும் எரிய ஆரம்பிச்சுது. கண்ணாடிங்க ஒரே மட்டத்துல இல்ல, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் சாஞ்சு இருக்கு, அதனால தலை அசையற ஒவ்வொரு அசைவுக்கும் வேற வேற சில்லு பத்திக்குது. பெட்ரோமாக்ஸ் காலத்துல தூரத்துல பாயில உக்காந்து பாக்கறவனுக்கு ராஜா வேஷம் தெரியணும்னு செஞ்சது அது. என்னோட சாம்பிள் அதே வெளிச்சத்துல ஒரு கலர் துணி மாதிரி அசையாம கெடந்துது.

அதுலேர்ந்து நான் மணிய கலர் பாத்து வாங்கறதே இல்ல, வெளிச்சத்த என்ன பண்ணுதுன்னு பாத்துதான் வாங்கறேன். கடைல கேக்கும்போது இந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்தா நல்லது: ஓட்டைக்குள்ள வெள்ளி பூச்சு இருக்கற சில்வர் லைன்டு மணி வெளிச்சத்த திருப்பி அடிக்கும், ட்ரான்ஸ்பரன்ட் மணி வெளிச்சத்த உள்ள வாங்கிக்கும், ஓபேக் மணி மேலாப்புல மட்டும் ஒரு புள்ளி காட்டும், மேட் மணி எதையும் காட்டாது. அந்த மேட் மணிதான் எனக்கு இப்போ பெரிய சொத்து. கிரீடத்துல எங்கெல்லாம் பள்ளம் வேணுமோ அங்கெல்லாம் மேட் கறுப்பும் மேட் அரக்கு செவப்பும் போட்டேன், மேல எழும்பற கோடு மட்டும் சில்வர் லைன்டு. இருட்டுல செல்ஃபோன் டார்ச்ச நகத்தினா பள்ளம் பள்ளமாவே தெரியுது, மேடு மட்டும் ஓடுது. அடில இருக்கற உண்மையான உயரம் கால் இஞ்ச் கூட இல்ல.

ட்ரான்ஸ்பரன்ட் மணிக்கு நூல் கலர் ரொம்ப முக்கியம், ஏன்னா நூல் உள்ளேர்ந்து தெரியும். ஒரே தண்ணி கலர் மணிய வெள்ளை நூல்ல ஒரு வரிசை, செவப்பு நூல்ல ஒரு வரிசை, கறுப்புல ஒரு வரிசை கோத்து பாருங்க, மூணு மணி மாதிரி இருக்கும். தொடைக்கு மேல ரத்தம் எறங்கற எடத்துக்கு நான் செவப்பு மணியே போடப்போறதில்ல, தண்ணி கலர் மணிய செவப்பு நூல்ல கோக்கப்போறேன்.

சைஸ் பத்தி. நம்பர் ஏற ஏற மணி சின்னதாகும். 15 நம்பர் சுமார் ஒன்றரை மில்லி, 11 ரெண்டு மில்லி, 8 மூணு மில்லி, 6 நாலு மில்லி, தோராயமா இப்படி வெச்சுக்கலாம். ஜப்பான் மணி ஒண்ணுக்கு ஒண்ணு அச்சடிச்ச மாதிரி இருக்கும், வெல அதிகம், அதனால மீசைக்கும் கண்ணாடிய சுத்தி புடிக்கறதுக்கும் மட்டும் அது. மீதி எல்லாம் வேலூர் லாங் பஜார்லயும் சென்னை பாரிஸ் கார்னர்லயும் எடை போட்டு தர்ற நம்ம ஊர் மணி, அதுல ஒண்ணு குட்டையா ஒண்ணு நெட்டையா இருக்கும். பின்னல் வேலைக்கு அது கஷ்டம், ஆனா மேல பரப்பி தெக்கறதுக்கு எனக்கு அதுதான் புடிக்குது, கோணல் இருக்கறதாலதான் வெளிச்சம் செதறுது. புதுச்சேரி பக்கத்துல இருக்கற அரிக்கமேட்டுல 2000 வருஷத்துக்கு முன்னாடி கண்ணாடிய நீட்டா குழாய் மாதிரி இழுத்து பொடிப்பொடியா வெட்டி மணி செஞ்சாங்க இல்லையா, அந்த இழுவை முறை ஆந்திராவுல பாப்பாநாயுடுபேட்டைல நம்ம காலம் வரைக்கும் தொடர்ந்து வந்துது, வேலூர்லேர்ந்து திருப்பதி போற தூரம்தான். வாங்கின உடனே ஒரு வேலை பண்ணுங்க, பிங்க்கும் வயலட்டும் கொஞ்சம் எடுத்து நெயில் பாலிஷ் ரிமூவர்ல போட்டு வெச்சு, இன்னும் கொஞ்சத்த மொட்டை மாடி வெயில்ல வெச்சு பாருங்க. சாயம் ஏத்தின மணியா இருந்தா வேலூர் வெயிலே சொல்லிடும்.

கிரீடத்துக்கு அடித்தளம் தோல். ஆம்பூர்லயும் ராணிப்பேட்டைலயும் ஷூ கட்டிங் போக மிச்சம் விழற துண்டு கெடைக்கும், என் சித்தப்பா ஒரு மூட்டை வாங்கி குடுத்தார். வெட்டின ஓரத்துல நீலமா சாம்பலா தெரிஞ்சா அது க்ரோம்ல பதப்படுத்தினது, மெத்துனு இருக்கும், இழுத்தா இழுபடும், வளைவான எடத்துக்கு அது. பட்டைல பதப்படுத்தினது ஓரம் வரைக்கும் பழுப்பா வெறப்பா இருக்கும், ஒரு காலத்துல நம்ம பக்கம் ஆவாரம்பட்டைலதான் பதம் போட்டாங்க. அத தண்ணில நனைச்சு அச்சு மேல வெச்சு கட்டி காய விட்டா அந்த வளைவு அப்படியே நின்னுடும். கிரீடத்தோட நடு மேடு அப்படித்தான் எழும்பியிருக்கு, உள்ள கம்பி இல்ல.

ஆரி ஊசி இதுக்கு ஆகாது. துணிய ஃப்ரேம்ல இழுத்து கட்டினாதான் ஆரி ஓடும், தவிர அது சங்கிலி தையல், ஒரு எடத்துல அறுந்தா கடகடன்னு பிரியும். நான் போடறது கை ஊசி பேக்ஸ்டிச். நாலு மணி கோத்து தோல் மேல படுக்க வெச்சு ஊசிய கீழ எறக்கணும், ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல மேல வந்து மூணு நாலு வழியா திரும்ப ஓட்டணும், அப்புறம் அடுத்த நாலு. தோல்ல முன்னாடியே குத்தூசியால சன்னமா ஓட்டை போட்டு வெச்சுக்கறேன், இல்லன்னா பத்தாம் நம்பர் ஊசி பட்டு பட்டுன்னு ஒடியுது. ஓட்டைங்க ரொம்ப நெருக்கமா வந்தா தோல் ஸ்டாம்ப் மாதிரி கிழிஞ்சு வந்துடும், அத பாத்துக்கணும்.

கண்ணாடி சில்ல ஒட்டறதோட நிறுத்தாம மணிலயே கவ்வி புடிக்க வெச்சேன். சில்ல சுத்தி 11 நம்பர்ல ஒரு வட்டம் தோலோட சேத்து தெச்சு, அது மேல ஒண்ணு விட்டு ஒண்ணு இடைவெளில மணி உக்கார்ற பெயோட்டி பின்னல் ஒரு சுத்து, அதுக்கும் மேல 15 நம்பர்ல இன்னொரு சுத்து. சின்ன மணி வந்ததும் வட்டம் தானா உள்பக்கம் சுருங்கி கண்ணாடி ஓரத்த புடிச்சுக்குது. அந்த கடைசி சுத்துல நூல இழுக்கும்போது விரலுக்கு கீழ அது இறுகறது தெரியும் பாருங்க, இந்த மொத்த வேலைல எனக்கு ரொம்ப புடிச்ச நிமிஷம் அதான். வாத்தியார் கட்டைல பாத்த சாய்வு வர்றதுக்கு ஒவ்வொரு சில்லுக்கு அடிலயும் ஒரு பக்கமா மட்டும் சின்ன தோல் சீவல் வெச்சேன், ஒண்ணு கெழக்க பாக்கும், ஒண்ணு மேல பாக்கும்.

மீசையும் அதே கணக்குதான், ஆனா அடில தோல் இல்ல, வெறும் மணியும் நூலும். பின்னிக்கிட்டே போகும்போது ஒரு ஓரத்துல 15, நடுவுல 11, இன்னொரு ஓரத்துல 8 போட்டா பட்டை நேரா போகாது, சின்ன மணி பக்கமா சுருண்டு வளையும். எவ்ளோ வளையணும்னு மணி சைஸ மாத்தியே முடிவு பண்ணலாம். துரியோதனன் மீசை மேல நோக்கி முறுக்கிட்டு இருக்கணும், ஒரு பக்கம் வந்துடுச்சு, கம்பி இல்லாம நிக்குது, நூலுக்கு தேன்மெழுகு தடவி இறுக்கமா இழுத்ததால கல்லு மாதிரி இருக்கு. அமெரிக்காவுல பால்டிமோர்ல ஜாய்ஸ் ஸ்காட்னு ஒரு அம்மா இப்படி மணி தையலாலயே முழு உருவம் பண்ணுவாங்க, அவங்க வேலைய ஃபோட்டோல பாத்துதான் மணிக்கு உள்ள ஒரு எலும்பு இருந்தே ஆகணும்ங்கற எண்ணம் எனக்கு போச்சு.

ஒடம்பு விஷயம். டிபார்ட்மென்ட்ல மொதல் ரிவ்யூல, ஒடம்பு முழுக்க மணி போட்டா பிரமாதமா இருக்கும்னு சொன்னாங்க. நான் ஒத்துக்கல. திடல்ல அந்த உருவம் அன்னிக்கே கலையறதுக்குன்னு செஞ்சது, மணி போட்டு மூடினா அது நூறு வருஷம் அசையாம கெடக்கும், அது துரியோதனன் படுகளமே இல்ல. அதனால கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம், மீசை மட்டும் மணி, அதாவது கூத்துக்காரர் ராத்திரி கட்டி காலைல அவுத்து பெட்டில வெக்கற சாமானெல்லாம் மணி. கழுத்துக்கு கீழ கை கால் தொடை எல்லாம் எங்க ஊர் ஏரி மண்ணு, சுடாதது. பாக்க வர்றவங்க தொடைலேர்ந்து ஒரு பிடி எடுத்துட்டு போலாம்.

மண்ணு கலவைல சின்ன தட்டு தட்டா சாம்பிள் போட்டு காய வெச்சிருக்கேன், ஏரி மண்ணு தனியா போட்டது வெடிப்பு விட்டுச்சு, பாலாத்து மணலும் பொடிசா நறுக்கின வைக்கோலும் சேத்தது நல்லா நிக்குது, கையால அழுத்தினா பிடி பிடியா உதிரவும் செய்யுது. எனக்கு வேண்டியது அந்த பதம்தான். தோல் ஈரத்த இழுத்து பூஞ்சை புடிக்கக்கூடாதுன்னு மண்ணு முழுசா காஞ்ச பிறகுதான் கிரீடத்த கொண்டு வந்து வெப்பேன், நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் வரும்.

அடுத்து இடது மீசை, இடது புஜகீர்த்தி. டிஸ்ப்ளே ரூம்ல ட்யூப்லைட்ட அணைச்சுட்டு தரையோட ஒட்டி ஒரே ஒரு மஞ்ச பல்பு மட்டும் வெக்க பர்மிஷன் கேட்டிருக்கேன். பாக்கறவங்க சுத்தி நடக்கும்போதுதான் கண்ணாடி பத்திக்கணும், அதுக்கு பல்பு எந்த உயரத்துல இருக்கணும்னு வீட்ல ஒரு ரூம இருட்டாக்கி அளந்து குறிச்சுக்கிட்டிருக்கேன், அந்த ஃபோட்டோவோட அடுத்தது போடறேன்.