50 காசு 40 காசான கதை

2024இல் தீபாவளி அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. சிங்கப்பூரின் தேக்காவில் வியாபாரம் செய்பவர்களுக்கு அந்த மாதம் முழுவதும் மூச்சுவிட நேரம் இருக்காது. சித்தப்பா பஃபலோ சாலைப் பக்கத்திலிருந்து உணவகங்களுக்குக் காய்கறியும் மளிகையும் கொண்டுபோய்ப் போடுகிறவர். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பொருள் சேவை வரிக் கணக்கை அக்டோபர் முடிவதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும். மாதக் கூட்டுத்தொகை அவருடைய நோட்டுப்புத்தகத்தில் இருந்தது. கணக்காளரோ பில்வாரியாகப் பட்டியல் கேட்டுவிட்டார். “நாள் முழுக்கக் கணினியோடுதானே மல்லுக்கட்டுகிறாய், இதையும் போட்டுக் கொடுப்பா” என்று சித்தப்பா அதை என் தலையில் கட்டிவிட்டார்.

1,100க்கும் மேற்பட்ட பில்களின் தொகையைத் தங்கை ஒரு கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். எக்செல்லில் போட்டால் ஐந்து நிமிட வேலை என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. என் வீட்டு மடிக்கணினியில் இருப்பது உபுண்டு சர்வர் என்ற இயங்குதளம். கறுப்புத் திரையும், அதில் தட்டச்சு செய்யும் கட்டளைகளை நிறைவேற்றும் பாஷ் ஷெல்லும் தவிர வேறொன்றும் கிடையாது. அதோடு, கூட்டல் பெருக்கலுக்குக்கூட இன்னொரு மென்பொருளா என்ற வீம்பும் கொஞ்சம் இருந்தது.

முதல் பில் 12 வெள்ளி (டாலர்) 50 காசு. வரி 9 சதவீதம். $((12.50*9/100)) என்று அடித்தேன். ‘.50’ என்ற இடத்தைச் சுட்டிக்காட்டிப் பிழை என்றது. பாஷுக்கு முழு எண் மட்டும்தான் தெரியும், புள்ளியைக் கண்டாலே ஆகாது. 7ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால் 3 என்று சொல்லிவிட்டு, மிச்சத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடும்.

அடுத்து பி.சி. (bc) என்ற கணக்குக் கட்டளைக்குப் போனேன். 12.50*0.09 என்று கொடுத்தேன். 1.12 என்றது. சித்தப்பா கைப்பட எழுதிய பில்லில் 1.13 இருந்தது. சரியான விடை 1.125, அரைக்காசை மேலே ஏற்றி அவர் 1.13 என்று எழுதியிருக்கிறார். பி.சி. அப்படிச் செய்வதில்லை. பெருக்கும்போது, இரண்டு எண்களில் எதற்குப் புள்ளிக்குப் பின் இலக்கம் அதிகமோ அத்தனை இலக்கத்தோடு விடையைக் கத்தரித்துவிடுகிறது. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று சொல்லும் ஸ்கேல் என்ற அமைப்பை 4 என்று வைத்ததும் 1.1250 வந்தது. அதனோடு 0.005ஐக் கூட்டி, மறுபடி ஸ்கேலை 2 ஆக்கி, 1ஆல் வகுத்தால் 1.13 கிடைக்கும். கிடைக்கும்தான், ஒவ்வொரு பில்லுக்கும் இந்தச் சுற்றுவழியில் போக எனக்குப் பொறுமை இல்லை.

ஆக் (awk) என்ற கட்டளையையும் விட்டுவைக்கவில்லை. 1977இல் பிறந்தது, எழுதிய மூவருடைய பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயர். தசமத்தை நன்றாகவே கையாளும், முழுமையாக்கவும் தெரியும். இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கச் சொன்னேன். மறுபடியும் 1.12! சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை இலக்கத்தின் பக்கம் தள்ளுவது அதன் வழக்கமாம். 1.375ஐக் கொடுத்தால் 1.38 என்று மேலே ஏற்றுகிறது, 1.125ஐ மட்டும் கீழே இறக்குகிறது.

இரவு பதினொன்றரை மணிக்குப் புள்ளியையே தூக்கி எறிந்தேன். வெள்ளியை மறந்து எல்லாவற்றையும் காசாக மாற்றிவிட்டால் ஷெல்லே போதும். 12.50 என்பது 1250 காசு. $(((1250*9+50)/100)) என்று கொடுத்ததும் 113 வந்து நின்றது. கூட்டிய 50தான் சூட்சுமம்: எப்படியும் மிச்சத்தை வெட்டத்தான் போகிறது, வெட்டுவதற்கு முன்பே அரைக்காசைச் சேர்த்துவிட்டால் பாதியும் அதற்கு மேலும் இருப்பவை தாமாக அடுத்த காசுக்கு ஏறிவிடும்.

கோப்பு முழுவதிலும் புள்ளியை நீக்கிவிட்டு ஓடவிட்டேன். நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. 080 என்ற எண்ணைக் காட்டி, இந்த இலக்கம் இந்த அடிமானத்துக்குப் பெரியது என்றது. உணவகத்திலிருந்து யாரோ ஓடிவந்து வாங்கிப்போன 80 காசுக் கறிவேப்பிலை அது. 0.80இல் புள்ளி போனதும் 080 ஆகிவிட்டது. முன்னால் சுழியம் இருந்தால் பாஷ் அதைப் பத்துக்குப் பதில் எட்டை அடிமானமாகக் கொண்ட எண் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே 0 முதல் 7 வரைதான், 8 என்ற இலக்கமே கிடையாது.

இது நின்றதால் தெரிந்தது. நிற்காமல் போனவற்றை நினைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மேலே தேடினேன். 50 காசுப் பில் ஒன்று இருந்தது. 050 என்பது எட்டின் கணக்கில் ஐந்து எட்டு, அதாவது 40. முக்கி முனகாமல் 40 காசுக்கு வரி போட்டு, 5 காசு வரவேண்டிய இடத்தில் 4 காசு என்று எழுதிவைத்திருந்தது. 75 காசு 61 ஆகியிருந்தது. அந்த 80 காசுக் கறிவேப்பிலை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பட்டியல் அப்படியே கணக்காளரிடம் போயிருக்கும்.

மருந்து சிறியதுதான். எண்ணுக்கு முன்னால் 10# என்று சேர்த்தால், எத்தனை சுழியம் இருந்தாலும் பத்தின் கணக்கிலேயே படிக்கும்.

திரும்பி வந்த சரக்கு இன்னொரு தொல்லை. அழுகிய தக்காளிக்கு 12.50 கழித்தால் 1250க்கு முன் கழித்தல் குறி வருகிறது. கூட்டிய 50 அங்கே எதிர்த்திசையில் இழுத்து 112 என்று ஆக்கிவிடுகிறது. அவற்றைத் தனிக் கோப்பில் போட்டு, குறியில்லாமல் கணக்கிட்டுக் கடைசியில் கழித்துக்கொண்டேன்.

மொத்த வரியைச் சித்தப்பாவின் நோட்டோடு ஒப்பிட்டேன். ஜூலையும் செப்டம்பரும் காசு பிசகாமல் பொருந்தின. ஆகஸ்டில் 9 காசு குறைந்தது. ஒரு வெள்ளிக்கு வரி 9 காசு. ஆகவே எங்கோ ஒரு வெள்ளி தவறியிருக்க வேண்டும். தொலைபேசியில் தங்கை ஆகஸ்டு பில் கட்டைப் புரட்டிப் புரட்டிப் படித்தாள், நான் திரையில் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். பாதிக் கட்டைத் தாண்டியதும் கண்டுபிடித்தோம்: 43.20 என்பதை 42.20 என்று அடித்திருந்தாள். “சித்தப்பாவின் 3 பார்க்க 2 மாதிரியேதான் இருக்கும் அண்ணா, நான் என்ன செய்வது?” என்றாள்.