இன்ஜினை இறக்காமல் மெயின் பேரிங் மாற்றிய கதை

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். பழைய டீசல் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிறேன். போன கார்த்திகையில், மேலே போய் வண்டியை நிறுத்தினால் ஐடிலிங்கில் ஆயில் பிரஷர் முள் அரை கிலோவுக்குக் கீழே படுத்துவிடும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எழும்பும், விட்டால் மறுபடி படுக்கும். மீட்டர் மேல் சந்தேகப்பட்டு வேறு மீட்டர் மாட்டிப் பார்த்தேன், அதே கதைதான். கூடவே, லோடோடு ஏறும்போது அடியிலிருந்து கனமாக ஒரு தட்டல்.

தெரு மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மெயின் பேரிங், அதாவது இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங், தேய்ந்துவிட்டது என்றார். இன்ஜினை இறக்கினால் ஒரு வாரம் போய்விடும், ஏலக்காய்ப் பறிப்பு நேரம் வேறு. "கிராங்க் நல்லா இருந்தா கீழ படுத்தே மாத்திரலாம் தம்பி. கோடு விழுந்திருந்தா பேசாம இறக்கிருவோம்" என்றார். சரி என்றேன்.

முதல் நாள் மாலையே ஆயிலை வடித்துவிட்டு, பேட்டரி கேபிளைக் கழற்றி வைத்தோம். அப்படியும் மறுநாள் முழுக்க முகத்தில் ஆயில் சொட்டிக்கொண்டேதான் இருந்தது. சேஸைத் தூக்கி முன் ஆக்ஸிலைத் தொங்கவிட்ட பிறகுதான் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப் வெளியே வந்தது. ஆயில் பம்பையும் பார்த்தோம், அதில் குறை இல்லை. கையால் கிராங்கைச் சுற்ற லேசாக இருக்கட்டும் என்று ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றினோம்.

பேரிங்கை அடியிலிருந்து பிடித்திருக்கும் கேப்களில் இரண்டாவதை இறக்கியதும் விடை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பேரிங்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அரைவட்டச் செல்கள். கீழ் செல்லில் சாம்பல் நிறம் தேய்ந்து, நடுவில் செம்பு பளபளத்தது. ஜர்னலை, அதாவது கிராங்கில் பேரிங் பிடிக்கும் இடத்தை, துடைத்து நகத்தால் குறுக்கே வருடினேன், எங்கேயும் தட்டவில்லை. அண்ணனும் வருடிப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆனால் செல்லைத் திருப்பிப் பார்த்ததும் எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. முதுகில் 0.25 என்று குத்தியிருந்தது. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் யாரோ ஏற்கெனவே கிராங்க் கிரைண்டிங் செய்து ஜர்னலைக் கால் மில்லிமீட்டர் மெலிசாக்கி, அதற்கேற்ற தடிமனான செல்லை மாட்டியிருக்கிறார். நான் ஆர்வக்கோளாறில் வாங்கி வைத்திருந்ததோ ஸ்டாண்டர்டு செட். அதை அப்படியே மாட்டியிருந்தால் ஜர்னலுக்கும் செல்லுக்கும் நடுவிலுள்ள கிளியரன்ஸ் கால் மில்லிமீட்டர் கூடியிருக்கும், பிரஷர் என்று ஒன்றே இருந்திருக்காது. மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு 0.25 செட் வாங்க தேனிக்கு ஓடினேன்.

கீழ் செல் கேப்போடு வந்துவிடும். மேல் செல் பிளாக்குக்கும் கிராங்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும், கைக்கு எட்டாது. அதற்கு அண்ணன் செய்த கருவி ஒரு காட்டர் பின். தலையைச் சுத்தியலால் தட்டையாக்கி, செல்லின் கனத்தைவிட மெலிசாக வரும்வரை அரத்தில் ராவினார். தலை தடிமனாக இருந்தால் நடுவில் சிக்கி பிளாக்கையே கீறிவிடுமாம். அந்தப் பின்னை ஜர்னலின் ஆயில் ஓட்டையில் சொருகி, மேலேயிருந்து நான் கிராங்கை மெதுவாகச் சுற்றினேன். பின்னின் தலை செல்லின் ஓரத்தைத் தள்ள, லாக் (செல்லை நகராமல் பிடிக்கும் சின்ன நாக்கு) இருக்கிற பக்கம் முதலில் எட்டிப் பார்த்து, பிறகு மொத்தச் செல்லும் வழுக்கிக்கொண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. பார்க்கவே அழகு! புதுச் செல்லுக்கு ஆயில் தடவி, லாக் இல்லாத முனையை முன்னால் விட்டு, எதிர்ப்பக்கம் சுற்றினால் அதுவாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு கேப்பை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டோம். கேப்பில் இருக்கும் நம்பரும் திசையும் மாறக்கூடாது.

நடு ஜர்னலில் ஆயில் ஓட்டையே இல்லை. மெல்லிய அலுமினியப் பட்டையால் ஓரத்தைத் தட்டித் தட்டி, கூடவே கிராங்கையும் சுற்றி எடுக்க வேண்டியிருந்தது. மற்ற நாலுக்கும் சேர்த்து ஆன நேரம் இது ஒன்றுக்கே ஆனது.

கிளியரன்ஸ் பார்க்க பிளாஸ்டிகேஜ் வாங்கி வைத்திருந்தேன். எவ்வளவு நசுங்குகிறது என்பதை வைத்து இடைவெளியைக் காட்டும் அந்த மெழுகு நூலைப் பார்த்து அண்ணன் சிரித்தார். ஜர்னலையும் செல்லையும் துடைத்து நூலை வைத்து, கேப்பை முறுக்கிக் கழற்றினால் 0.025 மில்லிமீட்டர் காட்டியது. இவ்வளவு டைட்டா என்று எனக்குப் பதற்றம். அப்புறம்தான் உறைத்தது: கிராங்க் தன் கனத்தில் கீழ் செல் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, இடைவெளி முழுக்க மேலே போய்விட்டது. பக்கத்திலிருக்கும் கிராங்க் வெயிட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் கிராங்கை லேசாக மேலே தூக்கிப் பிடித்து மறுபடி பார்த்தோம். 0.05. அண்ணனின் சிரிப்பு நின்றது. மற்ற கேப்களுக்கும் நூலை அவரே கேட்டு வாங்கினார்.

கேப் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் மூன்று தவணையாக முறுக்கினோம். ஒவ்வொரு கேப் முடிந்ததும் கிராங்க் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டோம். கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் நன்றாக இருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டோம். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கான்ராட்டின் பேரிங்கையும் கையோடு மாற்றியிருக்கலாம். காசும் பொழுதும் இல்லை.

ஃபில்டரில் ஆயில் நிரப்பி மாட்டி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, முள் எழும்பும்வரை செல்ஃப் மட்டும் அடித்தோம். அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தேன். மறுநாள் காலை போடிமெட்டு செக்போஸ்ட் பக்கம் நிறுத்தி, சூட்டோடு ஐடிலிங்கில் விட்டுப் பார்த்தேன்: ஒன்றரை கிலோ. தட்டலும் இல்லை. ஸ்டாண்டர்டு செட் டப்பா இன்னும் சீட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது, கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்கள்.