பின்பக்கத்து மூலையில் மண் தெரிகிறது

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி இடம், யாரும் வண்டி கூட நிறுத்தாத மூலை, அதையும் விடாமல் பேவர் பிளாக் போட்டு மூடி வைத்திருந்தார்கள். போன மாதம் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து அதைப் பெயர்த்தோம். முதல் கல்தான் கஷ்டம், ஓரத்தில் கடப்பாரையை விட்டு நெம்பி அது வந்துவிட்டால் மற்றதெல்லாம் கையாலேயே எடுக்கலாம், அடியில் சிமென்ட் கிடையாது, வெறும் மணல்தான். அதை வாரிவிட்டுப் பார்த்தால் மண் பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு மண்புழு இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, மறுநாள் ஒரு அடி ஆழம் கொத்தி, செம்மண்ணும் மக்கிய மாட்டு எருவும் கலந்தோம். வீட்டுக்கு 400 ரூபாய், அவ்வளவுதான் செலவு. எடுத்த கல்லையே சுற்றிலும் வரப்பாக அடுக்கியாச்சு.

ஒரு முருங்கைக் கிளை, கறிவேப்பிலை, மிச்ச இடத்தில் அரைக்கீரை. விதை கீழ்வீட்டு அக்கா கொடுத்தது.

நெதர்லாந்தில் எந்த ஊர் அதிகத் தரைக்கல்லைப் பெயர்க்கிறது என்று வருஷா வருஷம் போட்டியே நடக்கிறது, 2020-ல் ஆம்ஸ்டர்டாமும் ராட்டர்டாமும் ஆரம்பித்தது. சென்னைக்கு இது இன்னும் அவசரம். 2015-ல் வெள்ளம், 2019-ல் குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்திருந்தோம், பெய்கிற மழை இறங்க வழியே இல்லாமல் மூடிவைத்தால் எப்படி?

நேற்று சாயங்காலம் நல்ல மழை. முன்வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர், பின்பக்கத்து மூலை மட்டும் கொஞ்ச நேரத்தில் உறிஞ்சிக்கொண்டது. கடப்பாரை என்னிடம்தான் இருக்கிறது, பக்கத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.