ஒரு டின் இறைச்சி, ஆறு தட்டு

சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் கொடுத்த 340 கிராம் கோழி இறைச்சி டின், மாதக் கடைசி வரை எங்கள் செல்லூர் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. ஆட்டுக்கறிக்குக் காசில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்தேன். ஆறு பேருக்கு அது காணாது என்பதால், அரைக் கிலோ உருளைக்கிழங்கை முக்கால் பதமாக வேகவைத்து, கேரட், பீன்ஸுடன் பொடியாக நறுக்கிக்கொண்டேன்.

டின் இறைச்சி ஏற்கெனவே வெந்தது; அதை முறுக வைத்தால் போதும். இரும்புத் தோசைக்கல்லில் துண்டுகளை முதலில் போட்டால், அவற்றின் கொழுப்பே உருகி, விளிம்பு பொன்னிறமாகச் சுருளும். அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, சோம்பு, இடித்த மிளகு ஆகியவற்றுடன் காய்களை வதக்கி, கிழங்கைக் கொட்டி, கரண்டியால் அழுத்திவிட்டு, அடி பொருக்குத் தட்டும் வரை கிளறாமல் விட வேண்டும். கிளறிக்கொண்டே இருந்தால் மசியலாகிவிடும்.

நானோ பழக்க தோஷத்தில் கிழங்கு வேகும்போதே கல்லுப்பைப் போட்டுவிட்டேன். டின்னிலேயே உப்பு தூக்கலாக இருந்ததால், எலுமிச்சை பிழிந்தும் கரிப்பு அடங்கவில்லை. இன்னும் இரண்டு கிழங்கை மசித்துச் சேர்த்த பிறகே வாயில் வைக்க முடிந்தது. அம்மா மட்டும், "உப்புக்கண்டம் மாதிரி இருக்கிறது" என்று சொல்லி, மறுநாள் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டார்.