கேட் பெட்ரோலியம் தாள்: ஹைட்ரேட் கணக்கில் நான் சறுக்கிய இடம்

'குழாயில் ஈரமான மீத்தேன், 10 டிகிரி, 90 பார் அழுத்தம். ஹைட்ரேட் உருவாகுமா?' முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வான கேட்டுக்கு எழுதிய மாதிரித் தேர்வில் வந்த வினா இது. சுழியத்துக்கு மேலே எது உறையப்போகிறது என்று 'உருவாகாது' எனக் குறித்தேன். இரண்டு மதிப்பெண் போனதோடு, தவறான விடைக்காக ஒரு மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கும் கழிந்தது.

ஊட்டிப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தத் தவறு வந்ததில் வியப்பில்லை. ஜனவரி விடியலில் தலைகுந்தா புல்வெளி உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடக்கும். உறைவது என்றாலே அந்தக் குளிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஹைட்ரேட் பனிக்கட்டி அல்ல. நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி, வாயுவை உள்ளே அடைத்துக்கொள்ளும் படிகம் அது. உள்ளே வாயு இருப்பதால்தான் கூண்டு சரியாமல் நிற்கிறது. அழுத்தம் கூடக் கூட, சுழியத்துக்கு மேலும் அது தாக்குப்பிடிக்கும். குழாயை அடைப்பது ஹைட்ரேட்தான் என்று ஹேமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் 1934-இல் காட்டும்வரை துறையினரே அதைப் பனிக்கட்டி என்று நினைத்திருந்தார்களாம். படித்தபோது என் வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

ஹைட்ரேட் உருவாகத் தொடங்கும் அழுத்தத்துக்கு, தூய மீத்தேன் என்றால் மூன்று எண்கள் போதும்: 0 டிகிரியில் சுமார் 26 பார், 4 டிகிரியில் 39, 10 டிகிரியில் 70. இவற்றை வைத்துக் கையால் ஒரு கோடு வரையுங்கள். அழுத்தம் கோட்டுக்கு மேலே இருந்தால் ஆபத்து; என் வினாவின் 90 பார் அப்படித்தான். புரொப்பேன் சிறிதளவு கலந்தாலும் கோடு வெகுவாகக் கீழே இறங்கிவிடும். கூண்டின் அமைப்பே மாறிவிடுகிறது. ஹைட்ரேட் எல்லையைக் காட்டும் கேட்ஸ் வரைபடம் வாயுவின் ஒப்படர்த்தியைக் கேட்பது இதற்காகத்தான். வாயுவின் மூலக்கூறு எடையைக் காற்றின் 28.97-ஆல் வகுத்தால் அது கிடைத்துவிடும். ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகுந்த வாயுவுக்கு மட்டும் அந்த வரைபடத்தை நம்பாதீர்கள்.

அப்பா சிறு தேயிலை விவசாயி. பனிக்காலத்து மாலையில் வானத்தைப் பார்ப்பார், காற்றைக் கவனிப்பார், பிறகுதான் "இன்று உறைபனி இறங்கும், தாகையை எடு" என்பார். தேயிலைச் செடிகளை மூடிக் காக்கப் பயன்படும் செடி அது. ஒன்றை மட்டும் பார்த்து அவர் சொன்னதே இல்லை. வால்வு வழியே வாயுவின் அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு கணக்கில் நான் செய்தது அதற்கு நேர்மாறு. 100 பார், 30 டிகிரி வாயுவை 40 பாருக்கு இறக்கினால் அழுத்தம் குறைகிறதே, தப்பித்தோம் என்று எழுதிவிட்டேன். ஆனால் விரிகிற வாயு குளிரும். ஒரு பாருக்கு ஏறத்தாழ அரை டிகிரி என்று வைத்தால் 30 டிகிரி இறங்கி, சுழியத்தில் வந்து நிற்கும். 40 பாரில் எல்லையோ நாலு டிகிரி. நேராக ஆபத்துப் பகுதிக்குள்தான் போய் விழுகிறோம்.

ஹைட்ரேட் உருவாகாமல் இருக்கச் சேர்க்கும் தடுப்பானின் கணக்கு எளிது, ஆனால் பொறிகள் உண்டு. ஹேமர்ஷ்மிட் மாறிலி செல்சியஸில் 1297, ஃபாரன்ஹீட்டில் 2335. அதைத் தடுப்பானின் எடைச் சதவீதத்தால் பெருக்கி, அதன் மூலக்கூறு எடையையும் நூறில் மீதிச் சதவீதத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஹைட்ரேட் உருவாகும் வெப்பநிலை எவ்வளவு இறங்கும் என்பது கிடைக்கும்: 20 சதவீத மெத்தனாலுக்கு 10.1 டிகிரி, அதே அளவு எத்திலீன் கிளைக்காலுக்கு 5.2. இந்தச் சதவீதம் குழாயில் தேங்கும் நீரில் இருக்கவேண்டிய அளவு. செலுத்தும் மெத்தனாலில் ஒரு பகுதி ஆவியாகி வாயுவோடு போய்விடும். அதைச் சேர்க்காமல் நான் இரண்டு முறை கோட்டைவிட்டிருக்கிறேன்.

கூண்டு எண்ணிக்கையை மனப்பாடமே செய்துவிடுங்கள். தூய மீத்தேன் தரும் முதல் அமைப்பில் 46 நீர் மூலக்கூறு, 8 கூண்டு. புரொப்பேன் கலந்தால் வரும் இரண்டாவதில் 136 நீர் மூலக்கூறு, 24 கூண்டு.

எண்ணை நாமே உள்ளிடும் வினாக்களுக்குக் கழிவு மதிப்பெண் கிடையாது, ஒன்றையும் விடாதீர்கள். கைக் கால்குலேட்டரை உள்ளே விடமாட்டார்கள், திரையில் தருவதில்தான் பழக வேண்டும். மையம் கோவையில் விழுந்தால் முந்தைய நாளே மலையிறங்கிவிடுங்கள். காலை பஸ்ஸை நம்பி, கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் எந்தச் சூத்திரமும் உதவாது.