ட்ரில்லிங் மெஷினுக்கும் பராமரிப்பு வேண்டும்

கோவைப் பக்கத்து ஜாப் ஒர்க் பட்டறைகளில் லேத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசிகூட ட்ரில்லிங் மெஷினுக்குக் கிடைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டுவிட்டால் அந்த ஆண்டுக்கான பராமரிப்பு முடிந்ததாகப் பலர் கருதுகிறார்கள். துளை அளவு கூடினாலோ பிட் அடிக்கடி ஒடிந்தாலோ பழி முதலில் சாணை பிடித்தவர் மீதுதான் விழும். பிட்டின் இரு வெட்டுமுனைகளும் சமமாக இல்லாவிட்டால் துளை பெரிதாகும் என்பது உண்மையே. ஆனால் புதுப் பிட் போட்டும் அதே குறை தொடர்ந்தால், பார்க்க வேண்டிய இடம், பிட்டைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டில்.

பில்லர் ட்ரில்லிங் மெஷினின் ஸ்பிண்டிலுக்குள் இருக்கும் மோர்ஸ் டேப்பர் எனும் கூம்புத் துளை, 20 மி.மீ. நீளத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. விட்டம் குறையும் அளவுக்கு மெல்லிய சரிவு கொண்டது. அந்தச் சரிவில் இரண்டு இரும்புப் பரப்புகள் இறுகிப் பிடிக்கும் பிடியால்தான் பிட் சுற்றுகிறது; பிட்டின் மேல்முனையில் உள்ள தட்டையான நாக்கு முக்கியமாகக் கழற்றுவதற்காக உள்ளதே தவிர, வெட்டும் விசை முழுவதையும் அது தாங்காது. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோ ஒரு உலோகத் துருவலோ இருந்தால் பிடி நழுவி, டேப்பர் தன் இடத்திலேயே சுழன்று கீறல் விழும், நாக்கும் முறுகும். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த பனியன் வேஸ்ட்டை ஒரு மரக்குச்சியில் சுற்றி உட்புறத்தைத் துடைத்த பிறகே ஸ்லீவையோ (அளவு பொருந்த இடையில் இடும் கூம்புக் குழல்) சக்கையோ (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) ஏற்ற வேண்டும். விரல் நுனியால் மெதுவாகத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத பிசிறும் நெருடும்.

கழற்றும்போது, ஸ்பிண்டிலின் பக்கத் துளையில் செருகித் தட்டும் டிரிஃப்ட் ஆப்பைத்தான் பயன்படுத்த வேண்டும். கையில் கிடைத்த கம்பியால் சக்கின் பக்கவாட்டில் அடிப்பது பேரிங்கைக் கெடுக்கும் மிகக் குறுகிய வழி; இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. சக்கு டேபிளின் மேல் விழாதிருக்க அடியில் ஒரு மரக்கட்டையும் வைக்க வேண்டும்.

பெல்ட்டில் செய்யப்படும் தவறு பெரும்பாலும் அதிகமாக இறுக்குவது. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. உள்வாங்கினால் போதும், அதற்கு மேல் இறுக்கினால் மோட்டார் பேரிங் சூடாகும். வி-பெல்ட் தன் இரு பக்கச் சரிவுகளால் புல்லியைப் பிடிப்பது. தேய்ந்துபோய்ப் பள்ளத்தின் அடியைத் தொட்டு, அங்கே பளபளப்பு தெரிந்தால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். அப்போது பெல்ட்டை மாற்றுவது ஒன்றே வழி, மெழுகு தடவுவது அன்று.

துருவலைப் பிரஷ்ஷால் தள்ள வேண்டும். காற்றடித்தால் அது, ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் குவில்லின் இடுக்குக்குள் போய்விடும். தூணுக்கும் குவில்லுக்கும் கிரீஸ் பூசினால் துருவல் அதில் ஒட்டித் தேய்ப்புத்தாளாக மாறும் என்பதால், துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டால் போதும்.

மாதம் ஒருமுறை, நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் லீவர் டயலின் முனையை டேப்பரின் உட்சுவரில் தொடவைத்து, ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்க்கலாம். முள் 0.02 மி.மீ.க்குள் ஆடினால் கவலையில்லை. சக்கில் பிடித்த கம்பியில் வைத்துப் பார்த்தால் சக்கின் குறையும் சேர்ந்து வரும் என்பதால், முதல் அளவை டேப்பரிலேயே எடுக்க வேண்டும். பிறகு டயலை ஸ்பிண்டிலில் ஒரு நீட்டுக் கம்பியுடன் பொருத்தி, டேபிளின் மேல் 300 மி.மீ. வட்டமாகச் சுற்றினால் டேபிளின் சாய்வு தெரிந்துவிடும், 0.1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால், தட்டையான வேலைகளுக்கு அந்த மெஷினை நான் ஏற்றுக்கொள்வதில்லை. டேபிளின் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து இறுக்கிய பின், மறுபடியும் ஒரு சுற்று பார்க்க வேண்டும், ஏனெனில் இறுக்கும்போதே டேபிள் சற்று நகர்ந்துவிடும்.