நாலாவது ரேக்

ஜூன் 3
பூலில் தப்பாமல் தொடர்ந்து போட்டது 31 பந்து. போன மாதமும் இதே 31-இல்தான் நின்றது. பதினாலு பந்து ரேக் இரண்டு முழுசாக முடிந்து, மூன்றாவதில் மூன்று பந்து. நாலாவது பந்து ஜன்னல் பக்கத்து மூலைப் பாக்கெட்டின் வாயில் ஆடிவிட்டு வெளியே உட்கார்ந்தது. குறி 50. வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்குள் 50.

ஜூன் 4
மழை. வேலை விஷயமாகப் போன் இல்லை.

ஜூன் 6
காலை பத்து மணிக்கு மார்த்தாண்டத்தில் மாடியேறினால் ஆள் இருக்காது. மேம்பாலத்தில் போகிற லாரிச் சத்தம் மட்டும். பூல் மேஜை ஒன்றுதான், எட்டடி. பன்னிரண்டு மணி வரை கடைக்கார அண்ணன் பாதி வாடகைதான் வாங்குகிறார். அதற்கு மேல் காலேஜ் பையன்கள் வந்துவிடுவார்கள், எல்லாருக்கும் இரண்டு பேர் ஆடுகிற எய்ட் பால்தான் வேண்டும்.

இன்றைக்கு ஒரு பையன் சீக்கிரமே வந்துவிட்டான். சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணா, தனியா என்னத்த விளையாடுதீங்க?" என்றான். சொன்னேன். எந்தப் பந்தையும் எந்தப் பாக்கெட்டிலும் போடலாம், ஆனால் சொல்லிவிட்டுப் போட வேண்டும். ஒரு பந்துக்கு ஒரு பாயின்ட். பதினாலு போனதும் நிறுத்த வேண்டும். மிச்சமிருக்கும் ஒன்றையும் ஸ்டிக்கால் அடிக்கிற வெள்ளைப் பந்தையும் இருந்த இடத்திலேயே விட்டு, போட்ட பதினாலையும் திரும்ப அடுக்க வேண்டும், முக்கோணத்தின் முனை மட்டும் காலி. விட்டுவைத்த பந்தைப் போடுகிற அதே அடியில் வெள்ளை போய் அடுக்கை உடைக்க வேண்டும். அப்புறம் மறுபடி பதினாலு.

"அப்ப இது முடியவே முடியாதா?"

"தப்புற வரைக்கும் முடியாது."

அவனுக்குப் பிடிக்கவில்லை. எதிராளி இல்லாத ஆட்டம் என்ன ஆட்டம் என்றான். போட்டியில் எதிராளி உண்டு, 100 அல்லது 150 என்று வைத்து ஆடுவார்கள் என்று சொல்வதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான்.

19.

ஜூன் 7
8. 11. 0. 14. சீ.

ஜூன் 9
ஸ்டிக் நுனியில் சாக் கட்டியை நான் அதிகம் தேய்க்கிறேன். அங்கிருந்து துகள் மேஜையில் விழுகிறது, பந்தில் ஒட்டுகிறது. இரண்டு பந்து தொடுகிற இடத்தில் அந்தத் துகள் மாட்டினால் முடிந்தது, ஒரு நொடி ஒட்டிப் பிடித்துக்கொண்டு குறிக்குக் குறுக்கே தள்ளிவிடும். இன்றைக்கு 22-இல் போனது அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஈரத் துணியால் பதினாறு பந்தையும் துடைத்தேன். துடைத்த பிறகு 9. ஆக, சாக் இல்லை.

ஜூன் 10
திருவனந்தபுரம். வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கல். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போய், ரத்தம் கொடுத்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். வரிசையில் முக்கால்வாசி நம்ம ஜில்லா ஆட்கள். பக்கத்திலிருந்தவர் குளச்சல். மீன்பிடித் தடைக்காலம், போட் போகவில்லை, அதனால் இப்போதே எடுத்துவிடலாம் என்று வந்தாராம். ஜூலை 31 வரை கடலுக்குப் போக வழியில்லை. ஊரிலிருந்து வந்த போனில் அம்மா சாளை விலையைப் பற்றியே பேசினாள்.

ஜூன் 13
மஸ்கட் கேம்பில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த பிலிப்பினோக்காரர் ஞாபகமாகவே இருக்கிறது. பூல் ஜாம்பவான் எஃப்ரன் ரேயஸ் பிறந்த பம்பாங்காதான் தனக்கும் என்பதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். அடுக்கு உடைந்ததும் நான் கண்ணில் பட்ட ஈசியான பந்தை அடிக்கக் குனிவேன், அவர் ஸ்டிக்கைப் பிடித்துக்கொள்வார். முதலில் கடைசி மூன்றைப் பார் என்பார். எதை விட்டுவைக்கப் போகிறாய், அதற்கு முந்தைய பந்து எது, அதற்கும் முந்தையது எது. மூன்றும் முடிவான பிறகுதான் முதல் பந்து.

இரண்டு வருஷம் கேட்டதை இப்போதுதான் செய்கிறேன். அடுக்கை உடைக்க விட்டுவைக்கிற பந்தைத்தான் எல்லாரும் பிரேக் பந்து, பிரேக் பந்து என்கிறார்கள். என் கணக்கில் வினை அதற்கு முந்தைய பந்தில். அந்தப் பதினாலாவது பந்து சின்ன அடியில் போகிற மாதிரி இருந்தால், வெள்ளை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே தானாக நிற்கும். நீளமாக இருந்தால் மேஜையைச் சுற்றிவிட்டு வந்து பிரேக் பந்துக்கு நேர்கோட்டில் நிற்கும். நேராக நின்றால் பந்து விழும், அடுக்கு உடையாது.

28.

ஜூன் 14
அப்பா ராத்திரி முழுக்க இருமினார்.

ஜூன் 17
மழை விடவில்லை. ரப்பர் பால்வெட்டு நான்கு நாளாக இல்லை. மரங்களுக்கு பிளாஸ்டிக் கட்டிய தோட்டத்தில் வெட்டுகிறார்கள், நாங்கள் இந்த வருஷம் கட்டவில்லை. யார் கட்டுவது?

மேஜைத் துணியும் ஈரம் குடித்திருக்கிறது. பாதி தூரத்தில் பந்து களைத்துவிடுகிறது. நேற்று மேஜை விளிம்பில் மூன்று குஷன் தொட்ட அடி இன்றைக்கு இரண்டோடு நின்றது. 16.

ஜூன் 18
இந்த ஆட்டத்தில் வில்லி மாஸ்கோனி 1954-இல் தப்பாமல் தொடர்ந்து 526 போட்டது எட்டடி மேஜையில். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ஒன்பதடி மேஜையில் 50 போட்டால்தான் கணக்கு என்று கேம்பில் ஒருவர் சொன்னது ரொம்ப நாளாக முள்ளாக இருந்தது. அந்த 526 அறுபத்தைந்து வருஷம் நின்றது. 2019-இல் ஜான் ஷ்மிட் 626 போட்டார், அதற்கு மாதக்கணக்கில் தினமும் முயன்றிருக்கிறார். 2022 ஜனவரியில் ஜேசன் ஷா 714.

714-ஐ 14-ஆல் வகுத்துப் பார்த்தேன். மிச்சமில்லாமல் 51. இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு வகுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 19
போன் இல்லை. நானே கூப்பிட்டேன். "வரும் தம்பி, வரும்."

ஜூன் 23
அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. பஸ் வருகிற வரை மாடிக்குப் போவோம் என்றேன். இந்த இடத்தை அவருக்குத் தெரியும், நான் இங்கே வருவதும் தெரியும், இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அப்பா உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து, கட்டைவிரலால் குஷனை அழுத்தினார். ரப்பர் ஷீட் காய்ந்ததா என்று பார்க்க அழுத்துவாரே, அதே அழுத்து. "உள்ள ரப்பரா?" நல்ல குஷனுக்கு ரப்பர்தான் என்றேன். ஒவ்வொரு பக்கமாக அழுத்திக்கொண்டே போய் ஜன்னல் பக்கத்து மூலையில் நின்றார். "இது செத்துப்போச்சு. வெயிலும் சாரலும் பட்டிருக்கு."

மூன்று மாதமாக நான் என் முழங்கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் வந்து அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ஒரு ரேக் ஆடிக் காட்டினேன். பதினாலு போட்டேன், அவர் எதிரில். கை லேசாக நடுங்கியது. நிறுத்தி அடுக்க ஆரம்பித்ததும் கேட்டார்: "ஏம்ல மக்கா, எல்லாத்தையும் போட்டுட்டு ஒண்ண மட்டும் விட்டுட்டு நிக்க?"

அதை வைத்துத்தான் மறுபடி உள்ளே போக முடியும் என்றேன்.

தலையை ஆட்டினார். பஸ் வந்துவிட்டதா என்று ஜன்னலில் பார்த்தார். பிரேக் அடித்ததை அவர் பார்க்கவில்லை. அடுக்கு நன்றாகவே உடைந்தது, ஆனால் வெள்ளையும் பாக்கெட்டுக்குள் போய்விட்டது, இன் ஆஃப்.

ஜூன் 24
சரி, செத்த குஷன் பக்கம் எதையும் அனுப்பாமல் ஆடினால்? 33. புது அதிகபட்சம்.

ஜூன் 25
33 பெரிய விஷயமில்லை. இரண்டே பந்து கூட.

ஜூன் 27
மெடிக்கல் ஃபிட். அம்மா விளக்கேற்றினாள். எனக்கு மாடிக்குப் போகவே தோன்றவில்லை, போனேன், 6.

ஜூன் 30
42!

மூன்று ரேக். இடது கையில் போட்டிருக்கும் ரப்பர் பேண்டுகளை ரேக் முடிய முடிய ஒவ்வொன்றாக வலது கைக்கு மாற்றுவது வழக்கம். மூன்றாவதை மாற்றும்போது வலது மணிக்கட்டில் நாடி துடிப்பது தெரிந்தது. அதைக் கவனித்ததுதான் தப்பு. பிரேக் பந்து அடுக்குக்கு வலப்பக்கம், கைக்கு எட்டிய தூரம், கோணம் நன்றாக இருந்தது, தூக்கத்தில் கேட்டாலும் போடுவேன். பந்தைப் பார்க்காமல் அடுக்கைப் பார்த்துவிட்டேன். பந்து பாக்கெட்டின் தாடையில் மோதித் திரும்ப, அடுக்கு மட்டும் அழகாகச் சிதறியது. பதினைந்தும் திறந்து கிடந்தன, எல்லாம் போடக்கூடிய பந்துகள். பத்து நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தார். அவரும் பார்த்தார். "அடிச்சு முடிச்சிரு, சும்மா கிடக்கே" என்றார். அடிக்கவில்லை. அது கணக்கில் வராது.

ஜூலை 1
நேற்றைய பந்துதான் கண்ணுக்குள்.

ஜூலை 2
அதே பந்தை அதே இடத்தில் வைத்து ஐம்பது தடவை அடித்தேன். 47 விழுந்தது.

ஜூலை 4
அப்பாவின் இருமலுக்கு இரண்டாவது மருந்து. அக்கா வந்து இரண்டு நாள் இருக்கிறாள். இந்த மழையோடு அந்தத் தோட்டத்தைப் பாட்டத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று பேச்சு. என்னைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள். நான் மரச்சீனி உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5
24. 24. ஒரே நாளில் இரண்டு தடவை.

ஜூலை 8
போன். 16-ஆம் தேதி டிக்கெட்.

ஜூலை 9
மாடிக்குப் போகவில்லை. குலசேகரத்தில் அப்பாவின் செருப்புக்கு வார் மாற்றினேன். வேறு என்ன செய்தேன் என்று ஞாபகமில்லை.

ஜூலை 11
அண்ணன் அந்த மூலைக் குஷனை மாற்ற ஆள் சொல்லியிருக்கிறாராம். திருநெல்வேலியிலிருந்து வரணும், துணியையும் சேர்த்துப் பிரிக்கணும், பதினைந்துக்கு மேல்தான் வருவான். நான் போன பிறகு. புதுத் துணியில் வெள்ளை எப்படி ஓடும் என்று யோசித்துக்கொண்டே பைக்கில் வந்ததில் ஆற்றூர் திருப்பத்தில் ஒரு ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

17. பிறகு 38. 38-இல் நின்றது நான் விட்டதால் அல்ல, கரன்ட் போனது. கரன்ட் வந்ததும் தொடர்ந்தேன், முதல் பந்தே போகவில்லை. 38 என்றே எழுதுகிறேன்.

ஜூலை 13
கடை லீவு. பெட்டிக்கு எடை பார்த்தோம், ஏழு கிலோ பாக்கி இருக்கிறது. அம்மா நேந்திரம் சிப்ஸ் இரண்டு கிலோ என்கிறாள். ஸ்டிக்கைப் பிரித்துத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன், அப்பா எடுத்து வெளியே வைத்தார். "நாளைக்கு வேணும்லா?"

ஜூலை 14
மூன்று பேண்டும் வலது கையில். நாலாவது அடுக்கு உடைந்தது, இந்தத் தடவை பந்தைப் பார்த்துத்தான் அடித்தேன். 43, 44, 45, 46. இடப்பக்கம் இரண்டு பந்து ஒட்டிக்கொண்டு நின்றன. கடைசி மூன்றையும் முடிவு செய்துவிட்டேன், விட்டுவைக்க ஒன்று அடுக்குக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தது. 47-க்கு இருந்தது ஒரே வழி, ஜன்னல் பக்கத்து மூலை. குஷனைத் தொடாமல் நேராக உள்ளே போகணும். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்து வந்து நிற்பது தெரிந்தது. சாக் தேய்த்தேன், கொஞ்சமாக. குனிந்தேன். அப்போது போன்

வீட்டிலிருந்து.